பத்தாயிரம் டாலர் அடுப்பில் எதைப் பார்த்து வாங்குவது

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிச் சில ஆண்டுகள் கழிந்ததும் நம்மவர்கள் பலர் முதலில் கைவைக்கும் இடம் சமையலறைதான். அலமாரி, கல்மேடை, தரை என்று செலவுப் பட்டியல் நீண்டாலும், தனியொரு சாமானாக அதிகப் பணத்தை விழுங்குவது ரேஞ்ச், அதாவது மேலே பர்னர்களும் கீழே ஓவனும் ஒரே உடலாக அமைந்த அடுப்பு. சாதாரண 30 அங்குல கேஸ் ரேஞ்ச் ஆயிரம் டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிறது. ஷோரூம்களில் 'ப்ரோ' ரகம் என்று அழைக்கப்படும் 36 அங்குல ரேஞ்சுக்கோ பத்தாயிரம் டாலரும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சமையலறையை மாற்றியபோது இந்த ரகத்தில் வுல்ஃப், தெர்மடார், ப்ளூஸ்டார், வைக்கிங், மீலே ஆகியவற்றைப் பார்த்து, சிலவற்றில் சமைத்தும் பார்த்த பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: விற்பனையாளர் தூக்கிப்பிடிக்கும் அதிகபட்ச பி.டி.யு. எண்ணை (ஒரு பர்னர் ஒரு மணி நேரத்தில் தரும் வெப்பத்தின் அளவு) வைத்து இந்த அடுப்புகளை ஒப்பிடுவது நம் சமையலுக்குப் பொருந்தாது. சிம்மில் எப்படி எரிகிறது, தோசைக்கல்லின் அடியில் சுடர் எப்படிப் பரவுகிறது, தாளிக்கும் புகையை மேலே உள்ள ஹூட் எவ்வளவு இழுக்கிறது ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த அடுப்புகளின் தோற்றம் உணவகச் சமையலறையைச் சேர்ந்தது. வுல்ஃப் 1934-இல் கலிஃபோர்னியாவில் உணவகங்களுக்கு அடுப்பு செய்யத் தொடங்கிய நிறுவனம். அதன் வீட்டுப் பயன்பாட்டுப் பிரிவை 2000-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஜுக்குப் பெயர்பெற்ற சப்-ஜீரோ வாங்கியது. உணவக அடுப்பை அப்படியே வீட்டில் வைத்தால் தீ விபத்துக்கான விதிகளும் காப்பீடும் இடம்கொடுக்காது என்பதால், அதே உருவத்தை வீட்டுக்கேற்ற வெப்பத் தடுப்புடன் செய்யலாம் என்று மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் என்னும் சிற்றூரில் ஃபிரெட் கார்ல் தொடங்கியதே வைக்கிங். அதன் முதல் ரேஞ்சுகள் 1987-இல் வெளிவந்தன. வைக்கிங், ஆங்கிலேயர்களின் ஆகா, பிரான்சின் லா கோர்னு ஆகிய மூன்றையும் பின்னாளில் மிடில்பி என்ற ஒரே குழுமம் வாங்கியது. மரபான ஆகா நாள் முழுதும் சூடாகவே இருக்கும் வார்ப்பிரும்பு அடுப்பு. குளிர்நாட்டு ரொட்டிக்கும் இறைச்சிக்கும் அது சரி, நினைத்த நொடியில் தீயைக் கூட்டிக் குறைக்கும் நம் கைக்கு அது ஒத்துவராது. லா கோர்னு, லக்கான்ஷ் போன்றவை கண்ணுக்கு விருந்து என்றாலும், பழுதுபார்க்க ஆள் கிடைப்பதை நினைத்து அவற்றை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் சிம்மைப் பற்றிச் சொல்கிறேன். கடையில் நுழைந்ததும் 18,000, 20,000, 25,000 என்று எண்களை அடுக்குவார்கள். 20,000 பி.டி.யு. பர்னர் என்றால் ஏறக்குறைய 6 கிலோவாட் வெப்பம்; பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைக்கவும், வாணலியில் எண்ணெய் காயவைத்து வடையோ பூரியோ போடவும் அது நிச்சயமாக உதவும். ஆனால் ஒரு நாள் சமையலை நினைத்துப் பாருங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைக்கிறோம். பருப்பு வெந்த பின் சாம்பார் சிம்மில் கொதிக்கிறது. பால் சுண்டுவதும் வெண்ணெய் உருகி நெய்யாவதும் சிம்மில்தான். ஆற்றல் மிக்க பர்னரைத் தாழ்த்தும்போது அது போதுமான அளவுக்குத் தாழவில்லையென்றால் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துத் தண்ணீரை இழக்கும், பாயசம் அடிப்பிடிக்கும், முறுகக் காய்ச்சுவதற்குள் நெய் கருகிவிடும்.

இந்தச் சிக்கலை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. வுல்ஃபின் பர்னரில் சுடர்த் துளைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தீயைக் கூட்டும்போது இரண்டு அடுக்கும் எரிகின்றன, குறைத்துக்கொண்டே வந்தால் மேலடுக்கு அணைந்து கீழே பொட்டுப் பொட்டாக ஒரு நீல வளையம் மட்டும் நிற்கிறது. தெர்மடாரில் சில பர்னர்களில் மட்டும் உள்ள மிகத் தாழ்ந்த நிலையில் சுடரே விட்டு விட்டு எரிகிறது: கொஞ்ச நேரம் எரியும், பிறகு தானாக அணையும், மறுபடி 'டிக் டிக்' என்ற ஓசையுடன் பற்றிக்கொள்ளும். ப்ளூஸ்டாரில் சிம்முக்கென்றே சிறிய பர்னர் ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றும் வேலை செய்கின்றன. என்றாலும் ஒரே நேரத்தில் ஓர் அடுப்பில் குக்கர், ஒன்றில் ரசம், ஒன்றில் பால் என்று வைப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒற்றை சிம் பர்னர் போதாது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், தெர்மடாரின் சுடர் அணைந்ததைக் கண்டு கேஸ் கசிகிறதோ என்று பதறிக் குமிழை மூடிவிட்டார், விற்பனையாளர் விளக்கிய பிறகும், "சிம்னா சிம்மா எரியணும், அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா அதை யாரு பார்த்துக்கிட்டு நிக்கிறது?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

அடுத்தது தோசைக்கல். கேஸ் இணைப்புடன் அடுப்பை எரியவிட்டுக் காட்டும் ஷோரூம்கள் இருக்கின்றன. முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு போனால் சமைத்துப் பார்க்கவும் அனுமதிக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஸ்டேக்கும் பான்கேக்கும். நாங்கள் 12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும், சம்படத்தில் மாவும், 3 லிட்டர் குக்கரும் எடுத்துக்கொண்டு போனோம். வார்ப்பிரும்பு அலுமினியத்தைப் போல வெப்பத்தை வேகமாகப் பரப்பாது. சுடர் எங்கே படுகிறதோ அந்த இடம் முதலில் காயும், மற்ற இடத்துக்குச் சூடு நிதானமாகத்தான் போய்ச் சேரும். அதனால் பர்னரின் சுடர் வடிவம் தோசையில் அப்படியே அச்சாகப் பதிந்துவிடுகிறது. வளையச் சுடர் கொண்ட பர்னரில் முழுத் தீயில் அவசரமாகக் காய்ச்சிய கல்லில் வார்த்த முதல் தோசை, நடுவே வெள்ளையாகவும், அதைச் சுற்றி ஒரு கை அகலத்தில் செம்பழுப்பு வளையமாகவும், ஓரத்தில் மறுபடி வெளுத்தும் வந்தது. ப்ளூஸ்டாரின் நட்சத்திர வடிவத் திறந்த பர்னரில் சுடர் கல்லின் நடுப்பகுதியையும் தொடுவதால், நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே நிறத்தில் எடுக்க முடிந்தது. தெர்மடாரின் பர்னரும் நட்சத்திர வடிவம்தான், ஆனால் மூடிய ரகம். தோசை கிட்டத்தட்ட ப்ளூஸ்டார் அளவுக்கு நன்றாக வந்தது. வளையச் சுடரிலும் நடுத்தரத் தீயில் கல்லைப் பொறுமையாகக் காயவிட்டால் வித்தியாசம் பெருமளவு மறைந்துவிடுகிறது என்பதையும் அங்கேயே கண்டோம். தினமும் காலை ஏழு மணிக்குள் எல்லோருக்கும் தோசை வார்த்துக் கொடுக்க வேண்டிய வீட்டில் அந்தப் பொறுமைக்கு இடமில்லையென்றால், நட்சத்திரச் சுடரை முதல் தகுதியாக வைத்துக்கொள்வது நியாயமே.

ஆறு பர்னர் வேண்டுமா, நான்கு பர்னரும் நடுவில் கிரிடில் எனப்படும் தட்டைக்கல்லும் வேண்டுமா என்று கேட்பார்கள். கிரிடிலில் ஒரே நேரத்தில் பல தோசைகளோ சப்பாத்திகளோ போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அது காய்வதற்கே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிறது, சுற்றிலும் எழும்பிய விளிம்பு தோசைத்திருப்பியைச் சரிவாக நுழைக்க விடுவதில்லை, கழற்றிச் சிங்க்கில் போட்டுக் கழுவவும் முடியாது. விருந்தினர் கூட்டம் மாதத்துக்கு ஒருமுறை வரும் வீடென்றால் பரவாயில்லை. மற்றவர்கள் இரண்டு பர்னரை அதற்காக இழக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

விளம்பரக் கையேட்டில் வராத ஒரு விஷயம், பர்னரின் மேல் அமரும் வார்ப்பிரும்புச் சட்டம். 10 அங்குலப் பாத்திரங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை இவை; கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி அகலமானது. தாளிப்புக் கரண்டியை வைத்தால் அது பிடியின் கனத்தில் ஒருபக்கம் சாய்ந்து, எண்ணெயும் கடுகும் நேராகச் சுடரில் கொட்டும். ஒரு டம்ளர் பால் காய்ச்சும் சிறிய பாத்திரமும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் ஆடிக்கொண்டே நிற்கும். இந்தச் சொம்பு செய்யப்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகுவது என்பதால், சொம்பில் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்ற நம் வீட்டு விதியோடு, 20,000 பி.டி.யு. பர்னர் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய சட்டத்தின் மேல் வைக்கும் குறுக்குவளையம் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். எதற்கும் உங்கள் வீட்டுத் தாளிப்புக் கரண்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போவது நல்லது. விற்பனையாளர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

பால் பொங்குவதை நினைத்துப் பார்த்தால் மூடிய பர்னரா, திறந்த பர்னரா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். மூடிய ரகத்தில் பொங்கியது மேல்தட்டிலேயே தேங்கும். சூடு ஆறுவதற்குள் துடைக்காவிட்டால் காய்ந்து பிடித்துக்கொள்ளும், ஆனால் துடைத்தால் வேலை முடிந்தது. திறந்த ரகத்தில் அது பர்னரைத் தாண்டிக் கீழே உள்ள இழுப்புத் தட்டில் விழும். தட்டில் அலுமினியத் தாள் விரித்துவைத்து மாற்றிக்கொண்டே இருக்கலாம், மேலே எதுவும் தேங்காது. என்றாலும் வழியில் பர்னரின் துளைகளில் ஒட்டும் பாலையும் பருப்புத் தண்ணீரையும் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். இது முழுக்க முழுக்க வீட்டில் யார் துடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம்.

ஓவனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் வீடுகள் பலவற்றில் அது வாணலிகளையும் எண்ணெய்ச் சட்டியையும் அடுக்கிவைக்கும் அலமாரியாகவே காலம் தள்ளுகிறது. பிள்ளைகள் வளர்ந்து கேக்கும் பீட்ஸாவும் செய்யத் தொடங்கினால்தான் அதற்கு விமோசனம். முழுவதும் கேஸில் இயங்கும் ரேஞ்சின் ஓவனில் ஈரப்பதம் சற்று அதிகம். மேலே கேஸும் கீழே மின்சாரமும் கொண்ட டூயல் ஃபூயல் ரகத்தில் சூடு வறண்டதாகவும் சீராகவும் இருக்கும், விலையும் ஆயிரக்கணக்கில் கூடும். எங்களை டூயல் ஃபூயல் பக்கம் இழுத்தது கேக் அன்று, மாவு. ரொட்டி மாவு உப்புவதற்காக வுல்ஃபின் மின் ஓவனில் கொடுத்திருக்கும் 85 டிகிரி ஃபாரன்ஹீட் அளவிலான மெல்லிய சூடு, செல்சியஸ் கணக்கில் சுமார் 30 டிகிரி. இட்லி மாவு புளிக்கத் தேவையான வெயில் அதுவே. ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது, ஓவன் விளக்கைப் போட்டுவிட்டுக் கடவுளை வேண்டிக்கொள்ளும் வழக்கத்துக்கு இதனால் முடிவு வந்தது.

இப்போது ஹூட். என்னைக் கேட்டால், பணத்தை ஒதுக்கும்போது முதலில் ஹூட்டுக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில்தான் ரேஞ்சைத் தேட வேண்டும். காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்ட மறுநொடியே மாடிவரை எல்லோரும் இருமி, புகை அபாயமணி அலறும் வீடுகள் எத்தனை எத்தனை! காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் ஹூட், சாம்பார்ப் பொடி வறுக்கும் வீட்டில் அலங்காரப் பொருள் மட்டுமே. வெளிச்சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ காற்றை வெளியேற்றும் குழாய் அவசியம். கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வெளியாவதால், ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெந்நீர் வைப்பதற்குக்கூட ஹூட்டைப் போட்டுவிடுவது நல்லது. இத்துறையினர் சொல்லும் எளிய கணக்கு, ஒவ்வொரு 10,000 பி.டி.யு.வுக்கும் நிமிடத்துக்கு 100 கன அடி காற்று, அதாவது 100 சி.எஃப்.எம். எனவே எல்லா பர்னர்களும் சேர்ந்து 90,000 வரும் அடுப்புக்கு 900 சி.எஃப்.எம். வேண்டும். ஹூட்டின் அகலம் அடுப்பைவிட 6 அங்குலம் கூடுதலாக இருந்தால் இரு ஓரத்துப் பர்னர்களின் புகை பக்கவாட்டில் நழுவாது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத செலவு ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பு, புகைபோக்கியின் இயற்கை இழுப்பை நம்பி எரியும் கேஸ் ஹீட்டர் போன்ற கருவி உள்ள வீட்டில் 400 சி.எஃப்.எம்-ஐத் தாண்டும் ஹூட் வைத்தால் வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழிசெய்ய வேண்டும் என்கிறது. குளிருக்காக இறுக்கமாக அடைக்கப்பட்ட வீட்டிலிருந்து இவ்வளவு காற்றை உறிஞ்சினால், அந்த வெற்றிடத்தை நிரப்ப அடித்தளத்தில் உள்ள கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைபோக்கி வழியாகவே காற்று உள்ளே இறங்கக்கூடும்; அதனுடன் கார்பன் மோனாக்சைடும் வரும். ஈடுகாற்றுக் குழாய், தானியங்கித் தடுப்பு, கடுங்குளிர்ப் பகுதியென்றால் அந்தக் காற்றைச் சூடாக்கும் கருவி என்று செலவு ஆயிரக்கணக்கில் போகும். உள்ளூர் அனுமதி அலுவலகத்தில் இதை விசாரிக்காமல் ரேஞ்சுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

சுவருக்குள் இருக்கும் சங்கதிகளும் சில உண்டு. பழைய வீட்டின் அரை அங்குல கேஸ் குழாய், நீண்ட தூரம் வந்து சேருமானால் இவ்வளவு பர்னர்களுக்குப் போதாது. முக்கால் அங்குலக் குழாய் போட நேரிடும். டூயல் ஃபூயலுக்கு 240 வோல்ட்டில் 40 அல்லது 50 ஆம்பியர் தனி இணைப்பு தேவை. முன்புறம் சாயாமல் பிடிக்கும் இரும்புப் பிடியைப் பொருத்தாமல் வேலையாட்களை அனுப்பிவிடாதீர்கள். திறந்த ஓவன் கதவின் மேல் குழந்தை ஏறி நின்றால் அந்தப் பிடிதான் காப்பாற்றும். குமிழ்கள் முன்பக்கம் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இன்டக்‌ஷன் ரேஞ்ச் வாங்கினால் இந்தத் தலைவலியில் பாதி குறையும் என்று நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாத்திரத்தையே நேரடியாகச் சூடாக்குவதால் சமையலறை கொதிக்காது, கேஸ் புகை இல்லை, சிம்மும் அருமையாக நிற்கும், மேற்பரப்பைத் துடைப்பதும் ஒரு நொடி வேலை. நியூயார்க் நகரம் 2021-லேயே புதுக் கட்டடங்களில் எரிவாயுவைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றிவிட்டது என்பதால், வருங்காலம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. தடை நம் பாத்திர அலமாரியில் இருக்கிறது: இரும்புத் தோசைக்கல்லும் காந்தம் ஒட்டும் எவர்சில்வரும் வேலை செய்யும், அலுமினியக் குக்கர், வெண்கல உருளி, ஈயச் சொம்பு, மண்சட்டி எதுவும் வேலை செய்யாது. அப்பளம் சுடுவதும், சுட்ட கத்தரிக்காய்த் துவையலும் இல்லாமல் போகும். புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம். சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களை இன்னும் புழங்கும் வீட்டுக்கு அது பெரிய மாற்றம்.

கடைசியாகப் பழுதுபார்ப்பு. இதற்கு முன் எங்களிடம் இருந்த, இங்கே பெயர் குறிப்பிடாத ஒரு ரேஞ்சின் கட்டுப்பாட்டுப் பலகை தீபாவளிக்கு முன்பு செயலிழந்து, உதிரிபாகம் வர வாரக்கணக்கில் காத்திருந்ததால், விலைப்பட்டியலைக் கேட்பதற்கு முன்பே அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்பவர்கள் எங்கள் வட்டாரத்தில் எத்தனை பேர் என்று கேட்கப் பழகியிருந்தேன். தொடுதிரையும் வைஃபையும் நிறைந்த மாடல்களைவிடக் குமிழ் மட்டும் உள்ள மாடல்கள் எனக்குப் பிடித்ததற்கும் அதுவே காரணம். மீலேயின் ஓவன் இவை எல்லாவற்றிலும் நுட்பமானது என்று ஒத்துக்கொண்டும், அதன் திரையைப் பார்த்ததும் ஒதுக்கிவைத்தேன்.

நாங்கள் எடுத்தது வுல்ஃப் 36 அங்குல, ஆறு பர்னர் டூயல் ஃபூயல். தோசையில் ஒரு மாற்றுக் குறைந்தாலும், எந்த சிம்மும் அணையாமல் எரிவதும் மாவு புளிப்பதும் எங்கள் வீட்டுக்கு முக்கியமாகப் பட்டன. தோசையையே முதலாக வைப்பவர் ப்ளூஸ்டாரையோ தெர்மடாரையோ எடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டிலும், வாரத்தில் பாதி நாள் வெளியே சாப்பிடுபவர்கள் வீட்டிலும் இந்த விலைக்கு அடுப்பு வாங்குவது வீண். நல்ல 30 அங்குல ரேஞ்சும், வெளியே காற்றைத் தள்ளும் ஒழுங்கான ஹூட்டும் அவர்களுக்குத் தாராளம். வாங்கத் தீர்மானித்தவர்கள், காட்சிக்கு வைத்த மாடல்களை ஷோரூம்கள் எப்போது கழிக்கின்றன என்று கேட்டுவையுங்கள்; புதிய மாடல் வரும்போது அவை கணிசமான தள்ளுபடியில் போகும். ஆனால் உத்தரவாதக் காலம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குகிறது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.